முட்டை ஓட்டில் ஒரு ஜன்னல்

புற்றுக்கட்டி சில மில்லிமீட்டரைத் தாண்டி வளர, அதற்கெனப் புது ரத்தக் குழாய்கள் முளைத்தாக வேண்டும். 1971இல் ஜூடா ஃபோக்மன் முன்வைத்த இந்தக் கருத்தை வைத்துத்தான் எங்கள் ஆய்வகத்தின் பிழைப்பு ஓடுகிறது. என் மேசைக்கு வருவது ரெய்ஷி காளான். கத்தி இறங்காத கெட்டி. மேலே வார்னிஷ் அடித்த மினுமினுப்பு. தஞ்சாவூர் வாடல் நோயில் தென்னையின் அடித்தண்டை அழுகவைக்கும் கானோடெர்மா இதன் பங்காளிதான்.

காளான் சாறு புதுக் குழாய்களைத் தடுக்கிறதா என்று பார்க்க மலிவான வழி அடைமுட்டை. மூன்றாம் நாள் ஊசியால் வெள்ளைக்கருவில் இரண்டு மூன்று மில்லிலிட்டர் உறிஞ்சிவிட்டால், உள்சவ்வு ஓட்டைவிட்டுக் கீழே இறங்கும். ஓட்டில் ஜன்னல் வெட்டி, டேப் ஒட்டி, மறுபடி இன்குபேட்டரில் வைப்போம். எட்டாம் நாள் வாக்கில் சாறு ஊறிய சின்னக் காகித வட்டு சவ்வின்மேல் உட்காரும். அடுத்த இரண்டு மூன்று நாளில் வட்டைச் சுற்றி எத்தனை கிளை ஓடியிருக்கிறது என்று எண்ண வேண்டும்.

ஜன்னல் வெட்டும்போது ஓட்டுத் தூள் துளி விழுந்தாலும் போச்சு. அந்த உறுத்தலுக்கே குழாய்கள் மளமளவென்று கிளைவிடும். காகிதம் காய்ந்து சுருங்கினால் பழைய குழாய்களையே தன் பக்கம் இழுத்து, சக்கரத்து ஆரக்கால் மாதிரி காட்டும். புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்துக் குதிப்பார்கள்.

ரெய்ஷியில் வெந்நீரில் இறங்குவது பாலிசாக்கரைடு. ஆல்கஹாலில் இறங்குவது கசப்பான ட்ரைடெர்பீன். ஆல்கஹாலே சவ்வைச் சுட்டுவிடும் என்பதால், சாறில்லாத வெறும் கரைப்பான் வட்டு வேறொரு முட்டையில் இருந்தே தீர வேண்டும். பாலிசாக்கரைடில் தொல்லை வேறு. பாக்டீரியாவின் எண்டோடாக்சின் கொஞ்சம் கலந்திருந்தாலே நோயெதிர்ப்புச் செல்கள் கிளர்ந்துவிடும். பெயரென்னவோ காளானுக்குப் போய்விடும்.

முட்டையில்லாமல் தட்டிலும் சோதிக்கலாம். தொப்புள்கொடிச் சிரையின் உட்சுவர்ச் செல்களை மேட்ரிஜெல் என்ற கூழின் மேல் விட்டால், ஒரே ராத்திரியில் வலையாகக் கோத்துக்கொள்ளும். சாறு ஊற்றியபின் கோக்கவில்லை என்றால் உடனே ‘தடுத்துவிட்டது’ என்று எழுதிவிடுகிறார்கள். செத்த செல் எப்படிக் கோக்கும்? அந்த அளவு சாற்றில் செல்கள் உயிரோடு இருந்தனவா என்ற கணக்கைக் காட்டாத கட்டுரையை நான் பாதியில் மூடிவிடுவேன்.

பூஞ்சை வழியில் நிஜமாகவே தூரம் போனது ஃபியூமஜிலின். செல் தட்டில் தப்பித்தவறி ஏறிய பூசணம் குழாய்ச் செல்களின் வளர்ச்சியை முடக்கியதை ஃபோக்மன் ஆய்வகத்தில் டொனால்ட் இங்க்பர் கவனித்தார். அந்தப் பூசணத்திலிருந்து கிடைத்ததுதான் ஃபியூமஜிலின். 1990இல் கட்டுரை வந்தது. எங்கள் இடமாக இருந்தால் அந்தத் தட்டு நேராக ஆட்டோகிளேவுக்குப் போயிருக்கும்! ஃபியூமஜிலினிலிருந்து செய்த டி.என்.பி-470 என்ற மருந்து மனிதச் சோதனை வரை போனது. நரம்பு மண்டலப் பக்கவிளைவுகள் குறுக்கே நின்றன.

விசேஷ வீடுகளில் யாராவது காளான் பொடி டப்பாவை நீட்டி, சாப்பிடலாமா என்பார்கள். தட்டில் நாங்கள் ஊற்றுவது மில்லிலிட்டருக்குப் பல மைக்ரோகிராம். வாயால் சாப்பிட்டால் ரெய்ஷியின் ட்ரைடெர்பீனான கானோடெரிக் அமிலம் ரத்தத்தில் நானோகிராம் கணக்கில்தான் தென்படும். கீமோவோ ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையோ ஓடிக்கொண்டிருந்தால், டாக்டரிடம் காட்டாமல் டப்பாவைத் திறக்கவே வேண்டாம் என்பேன்.