கடைசிக் கரண்டிச் சீனி

மதுவை நாவினாலே தீண்டாமலே நாற்பது பிராயத்தைக் கடந்துவிட்ட நாம், பியர் வடிக்கும் முறையைப் பற்றி எழுதப் புகுவது வாசகர்களுக்கு நகைப்பை விளைத்தல் கூடும். ஆயினும், இரசாயனம் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட எமக்கு நொதித்தல் விலக்கான பொருளன்று. தோசை மாவைப் புளிக்கவிட்டு உண்ணும் சமூகத்தவர் எவருக்குமே அது அந்நியமானதன்று. அனுமதியின்றி மது வடித்தல் எமது நாட்டிலே குற்றமாகும். ஆதலால், இதனை வீட்டிலே பரீட்சித்துப் பார்க்குமாறு எவரையும் தூண்டவில்லை என்பதையும் முதற்கண் கூறிவிடுகின்றோம்.

இங்கிலாந்திலோ நிலைமை வேறு. வீட்டுத் தேவைக்குப் பியர் வடிப்போர் பெறவேண்டியிருந்த உரிமப்பத்திரம் அங்கு 1963ஆம் ஆண்டிலே நீக்கப்பட்டது. அதன் பின்னர் அது பலருக்கும் ஓய்வுநேரப் பொழுதுபோக்காயிற்று. அந்நாட்டிலே குடியேறி வாழும் எமது பழைய மாணவர் ஒருவரும் அதிலே ஈடுபட்டவர். அவர் தொலைபேசியிலே கூறிய செய்தியொன்றே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

முளைகட்டிய வாற்கோதுமையின் சாற்றிலே மதுவத்தைச் சேர்த்தால், அது அங்குள்ள வெல்லத்தை உண்டு, மதுசாரத்தையும் காபனீரொட்சைட்டு வாயுவையும் வெளிவிடும். நொதித்தல் என்பது மதுவமாகிய உயிரின் வாழ்க்கைச் செயலே என்று நிறுவியவர் பிரான்சிய அறிஞர் லூயி பாஸ்ரர். நொதிக்கும் பாத்திரத்திலிருந்து வாயு வெளியேறிவிடுவதால், முடிவிலே எஞ்சும் பானம் நுரையற்றுச் சப்பென்றிருக்கும். ஆகவே, போத்தலிலே அடைக்குமுன் சிறிதளவு சீனியைக் கொதிநீரிலே கரைத்துச் சேர்ப்பர். எஞ்சியிருக்கும் மதுவம் அச்சீனியையும் உண்ணும். இம்முறை வாயு வெளியேற வழியின்றிப் பானத்திலேயே கரைந்து நிற்கும். மூடியைத் திறந்ததும் பொங்கும் நுரை அதுவே.

ஒரு லீற்றருக்கு ஏறக்குறைய 6 கிராம் சீனி போதும். அதன் நிறையிலே ஏறத்தாழப் பாதி வாயுவாகும். அந்த 3 கிராம் வாயுவைத் திறந்த வெளியிலே விட்டால், அது ஒன்றரை லீற்றர் இடத்தை நிரப்பும். ஒரு லீற்றர்ப் போத்தலினுள்ளே அவ்வளவும் அடங்கிக் கிடக்கின்றது என்றால், ஒரு கரண்டிச் சீனியின் வலிமையை உணரலாம்.

எமது மாணவர் நூலிலே கூறியபடி நிறுத்தே சீனி சேர்த்தார். ஆயினும், பத்தாம் நாள் நள்ளிரவிலே அலுமாரியினுள் போத்தல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. நல்ல காலமாக எவரும் அருகில் இல்லை. "சேர், ஒரு கிராம்கூட நான் கூடப் போடவில்லை" என்று எம்மிடம் முறையிட்டார். அவர் கூறியது உண்மையே. மாரிக்குளிரிலே மதுவம் சோர்ந்து கிடந்தது. குமிழி அடங்கியதைக் கண்டு, நொதித்தல் முடிந்ததென அவர் எண்ணிவிட்டார். உண்ணப்படாத வெல்லமோ உள்ளே இருந்தது. வெப்பமான அலுமாரியை அடைந்ததும் மதுவம் விழித்துக்கொண்டு, இருந்ததையும் இட்டதையும் சேர்த்தே உண்டது. திரவமானியை மிதக்கவிட்டு, அதன் அளவீடு சில நாட்களுக்கு மாறாது நிற்கின்றதா என்று பார்த்திருந்தால் இவ்விபத்து நேர்ந்திராது.

இதே துன்பத்தைப் பிரான்சு தேசத்துச் சம்பேன் பகுதியினர் நெடுங்காலம் அனுபவித்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே, அங்குள்ள நிலவறைகளில் வேலைசெய்வோர் வெடிக்கும் போத்தல்களுக்கு அஞ்சி முகத்திலே இரும்புக் கவசம் அணிந்தனர். 1836ஆம் ஆண்டளவிலே, சாலோன் நகரத்து மருந்தாளராகிய பிரான்சுவா என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். எவ்வளவு சீனி சேர்க்கலாம் என்று தீர்மானிக்குமுன், திராட்சை மதுவிலே ஏற்கெனவே எவ்வளவு வெல்லம் எஞ்சியிருக்கின்றது என்று அளந்தறிய வேண்டும் என்பதே அவர் காட்டிய நெறி. இருப்பதைக் கழித்தே இடுவதைக் கணிக்க வேண்டும்.

இதனை வகுப்பிலே விளக்கும்போது, எமது சிந்தனை பாடத்தை விட்டு முன்னே இருக்கும் முகங்களிலே சென்று தங்குவதுண்டு. உயர்தரப் பரீட்சை நெருங்கும் காலத்திலே தந்தையார் ஒரு புத்திமதி கூறுவார். அம்மான் ஓர் உதாரணம் காட்டுவார். ஆசிரியராகிய நாமும் ஓர் எச்சரிக்கை விடுப்போம். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு கரண்டியளவே. பரீட்சை மண்டபத்தின் வாயிலிலே, "அண்ணா எடுத்த றிசல்ட்டை நினைச்சுக்கொள்" என்று தாயார் கூற, பேசாது தலையசைத்துச் சென்ற மாணவன் ஒருவனை நாம் கண்டிருக்கின்றோம். பேனாவைப் பிடிக்கமாட்டாது அவன் விரல்கள் நடுங்கின. தாயார் அன்பினாலேயே அதனைக் கூறினார். அவனுள்ளே ஏற்கெனவே எவ்வளவு சேர்ந்திருந்தது என்பதை மட்டும் எவரும் பார்க்கவில்லை.

ஊக்கமே வேண்டாமென்று நாம் கூறவில்லை. சீனியிடாத பானம் சப்பென்றே கிடக்கும். தட்டியெழுப்ப வேண்டிய பிள்ளைகளும் உளர். ஆனால், பேச்சடங்கி இருக்கும் பிள்ளையெல்லாம் அமைதியாக இருக்கும் பிள்ளை என்று கொள்ளுதல் தகாது. பிள்ளையைப் பரீட்சைக்கு அனுப்பும் பெற்றோர், புத்திமதி கூறுமுன், "இரவு நித்திரை கொண்டாயா?" என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்பாராக. கேட்டபின், அவன் மறுமொழி கூறும்வரை சற்றுப் பொறுத்தும் இருப்பாராக.