மயிலைக்கு நாள் நெருங்கிருச்சு

வெள்ளிக்கிழமை ராத்திரி காங்கேயத்துல பஸ்ஸை விட்டு இறங்கினதும் அம்மாவுக்குப் போன் போட்டேன். "சாப்பிட்டியா"ன்னு கூடக் கேக்கலை. "மடி இறங்கிருச்சு கண்ணு, வெரசா வா"ன்னாங்க.

எங்க வீட்டுல மொத்தம் நாலு உருப்படி. அதுல மயிலைக்குத்தான் இப்போ நாள். காளைக்குச் சேர்த்த தேதியை அம்மா காலண்டர் அட்டையில எழுதி வெச்சிருக்காங்க. 280 நாள் கணக்கு செவ்வாயோட முடிஞ்சுது. முன்னபின்ன ஆகும்னு மாட்டு டாக்டர் சொல்லியும் அம்மாவுக்குத் தூக்கம் இல்லை. போன ஈத்துல கன்னு கால் மடங்கிக் கெடந்து, ஆள் வந்து இழுக்கறதுக்குள்ள செத்துப் போச்சு. மயிலை மூணு நாள் கத்துச்சாம். நான் சென்னையில மீட்டிங்ல இருந்தேன் (பெரிய கலெக்டர் உத்தியோகம்!).

அதான் இந்தத் தடவை லீவு போட்டுட்டு வந்துட்டேன்.

மாசிக் கடைசி. கொறங்காட்டுல கொழுக்கட்டைப் புல்லெல்லாம் காஞ்சு கெடக்கு, சோளத்தட்டுதான் தீனி. அதையும் மயிலை இன்னிக்குத் தொடலை. சாயங்காலமே வாலடியில ரெண்டு பக்கமும் குழி விழுந்துடுச்சாம். படுக்குது, எந்திரிக்குது, திரும்பி வயித்தைப் பாக்குது. கயித்துக் கட்டில், டார்ச், பழைய சாக்கு, நஞ்சுக்கொடியைக் கட்ட வைக்கோல்... எல்லாம் ரெடி.

காங்கேயம் கன்னு பொறக்கறப்போ செவப்பாத்தான் இருக்கும். ஆறு மாசம் போல ஆனாத்தான் சாம்பலுக்கு மாறும். உசுரோட அந்தச் செவப்பைப் பார்த்து எனக்கு ஏழெட்டு வருசம் ஆச்சு.

மணி ரெண்டேகால். அம்மா மயிலையோட முதுகைத் தடவிக்கிட்டே "பயப்படாத சாமி"ங்கறாங்க. என்னையும் அப்படித்தான் கூப்பிடுவாங்க.

பனிக்குடம் இன்னும் உடையலை.