விறகுப் புகை மணக்கும் பீர் ஊரில் நாங்கள் இருவர்!

எனக்கு மது வாடை ஆகாது. அப்பா இரவு பத்து மணிக்கு வாசற்படி ஏறும்போதே, அந்த வாடையை வைத்து அன்றைய ராத்திரி எப்படிப் போகும் என்று அம்மா கணக்குப் போட்டுவிடுவார். அப்பா 52 வயதில் கல்லீரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தார். அப்போது எனக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை.

என் கணவருக்கு இது தெரியும். வருடத்துக்கு இரண்டு தடவை நண்பர்களோடு பீர் குடிப்பார். அன்றைக்கு வீட்டுக்கு வரமாட்டார். "ராத்திரி அங்கேயே தங்கிட்டு காலையில வர்றேம்மா" என்று போன் வரும். எதற்கென்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. 27 வருடங்கள் இப்படியே ஓடிவிட்டன.

மகள் ஜெர்மனியில் எர்லாங்கன் நகரத்தில் படிக்கிறாள். மே மாதக் கடைசியில் அவளைப் பார்க்கப் போயிருந்தோம். போன மூன்றாம் நாள் மகள் மெதுவாக ஆரம்பித்தாள். "அம்மா, பக்கத்துல பாம்பெர்க்னு ஒரு ஊர். பீருக்கு ரொம்பப் பேர் போனது. அப்பாவுக்கு அங்கே போகணும்னு ஆசை. உங்ககிட்ட கேட்கப் பயப்படுறார்."

அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"போலாம். ஆனா ஒளிஞ்சு மறைஞ்சு வேண்டாம். என் எதிர்லயே குடிங்க. ஒரு நாளைக்கு ஒண்ணு. நான் எழுந்திரிங்கன்னா எழுந்திரிச்சிடணும்" என்றேன். சொன்ன பிறகு எனக்கே வயிற்றைக் கலக்கியது.

ஆற்றின் நடுவே ஒரு நகர மன்றம்

நியூரம்பெர்க்கில் இருந்து பாம்பெர்க்குக்கு ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. பவேரியா மாநிலத்தின் வடக்கே, ஃப்ராங்கோனியா என்ற பகுதியில் இருக்கிறது. ஏழு குன்றுகள், நடுவே ரெக்னிட்ஸ் ஆறு. அந்த ஆற்றின் நடுவில், பாலத்தின் மேல் பழைய நகர மன்றத்தைக் கட்டி வைத்திருக்கிறார்கள். சுவர் முழுக்க ஓவியங்கள். பழைய நகரம் முழுவதும் 1993-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

குன்றின் மேலே நான்கு கோபுரங்களோடு பெரிய தேவாலயம். ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கும் ஒரே போப்பாண்டவரான இரண்டாம் கிளெமென்ட்டின் கல்லறை இங்கேதான் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு இறங்கினால், ஐந்து நிமிட நடையில் அவர் தேடி வந்த இடம் வந்துவிடுகிறது.

அடுப்படி வாசனை

ஷ்லெங்கெர்லா. 1405-லேயே ஆவணத்தில் பெயர் வந்துவிட்ட பழைய பீர் விடுதி. தாழ்ந்த கூரை, கறுத்த மர உத்தரங்கள், நீள மேசைகள். கைகளை வீசி வீசி நடந்த ஒரு பழைய முதலாளியின் நடையை வைத்து வந்த பட்டப்பெயராம் அது.

மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போனேன். உட்கார்ந்த பிறகும் எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருக்க முடியும்? விட்டேன். நான் பயந்த வாடை இல்லை. புகை வாசனை! பாட்டி வீட்டுத் தவலையில் விறகு வைத்துக் காய்ச்சும் வெந்நீரில் ஒரு வாசனை ஏறியிருக்குமே, அது.

காரணத்தை மகள் சொன்னாள். பீருக்கு அடிப்படை மால்ட். நம் வீட்டில் கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, காயவைத்து மாவு அரைக்கிறோம் இல்லையா, அதையேதான் இவர்கள் பார்லியில் செய்கிறார்கள். முளைவிட்ட தானியத்தைக் காயவைக்க அந்தக் காலத்தில் விறகு நெருப்புதான். புகை தானியத்தில் ஏறும், பீரிலும் வரும். பிறகு புகை படாமல் சூடான காற்றில் காயவைக்கும் முறை வந்ததும் உலகமே மாறிவிட்டது. பாம்பெர்க்கில் இந்த விடுதியும், 1536-ல் தொடங்கிய ஷ்பெட்சியால் விடுதியும் மாறவில்லை. இன்றும் பீச் மர விறகில்தான் தானியத்தைக் காயவைக்கிறார்கள். இந்தப் பீருக்கு ரௌஹ்பியர் என்று பெயர். புகை பீர்!

மரப்பீப்பாயில் இருந்து நேராகப் பிடித்து, அரை லிட்டர் கண்ணாடிக் குவளையில் கொண்டுவந்து வைத்தார்கள். இந்த அளவுக்கு இங்கே 'சைட்லா' என்று பெயர். நல்ல கறுப்புக் காப்பி நிறம், மேலே நுரை. அவர் குவளையைத் தொடவே இல்லை. என்னைப் பார்த்தார். "குடிங்க. ஆறிடப் போகுது" என்றேன். மகள் சிரித்ததில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

முதல் வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "கருவாடு சுட்ட மாதிரி இருக்கு." பாதிக் குவளை காலியானதும், "இல்ல, நல்லாத்தான் இருக்கு" என்றார். உள்ளூர்க்காரர்களும் அதையேதான் சொல்கிறார்கள். முதல் குவளையில் பிடிக்காதாம், மூன்றாவதில்தான் பிடிக்குமாம். "மூணாவது நமக்கு வேண்டாம்" என்றேன்.

வெங்காயம் மிதித்தவர்கள்

சாப்பாட்டுக்கு அவர் 'பாம்பெர்க் வெங்காயம்' கேட்டார். பெரிய வெங்காயத்தைக் குடைந்து, உள்ளே கொத்துக்கறி அடைத்து, புகை பீர் சேர்த்த குழம்போடு தருகிறார்கள். நம் எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்களேன். பன்றி இறைச்சி என்பதால் நான் தொடவில்லை. அடுத்த நாள் அவர் சாப்பிட்ட ஷொய்ஃபர்லாவும் பன்றியின் தோள்பட்டைதான், மேல்தோல் முறுகலாகும்வரை வாட்டியது. கூடவே உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை. எனக்கு அந்தக் கொழுக்கட்டையே போதுமாக இருந்தது.

வெங்காயத்துக்கு இங்கே தனி மரியாதை உண்டு. பாம்பெர்க்காரர்களுக்குப் பட்டப்பெயரே 'வெங்காயம் மிதிப்பவர்கள்'. வெங்காயத் தாளைக் காலால் மிதித்துச் சாய்த்துவிட்டால் சத்தெல்லாம் கீழே கிழங்குக்குப் போகும் என்று தோட்டக்காரர்கள் அப்படிச் செய்வார்களாம். நகரத்துக்கு நடுவிலேயே தோட்டக்காரர்களின் பகுதி இன்றும் இருக்கிறது. வீட்டின் முகப்பு தெருவைப் பார்த்து, பின்னால் நீளமாகக் காய்கறிப் பாத்திகள். யுனெஸ்கோ பாதுகாப்பில் இந்தத் தோட்டங்களும் சேர்த்திதான்.

அந்தத் தோட்டங்களில் ஒரு காலத்தில் பெரிய அளவில் விளைந்தது என்ன தெரியுமா? அதிமதுரம்! தொண்டைக் கட்டுக்கு அம்மா வாயில் அடக்கிக்கொள்ளச் சொல்லித் தருவாரே, அதே வேர். நின்றுபோன அந்தப் பயிரைச் சிலர் மறுபடியும் வளர்த்து வருகிறார்கள். பீர் ஊரில் அதிமதுரத்தைப் பார்ப்பேன் என்று நான் நினைக்கவே இல்லை.

மரத்தடியில் எலுமிச்சை சாதம்

எனக்கு மிகவும் பிடித்தது 'கெல்லர்'. அந்த வார்த்தைக்கு நிலவறை என்று அர்த்தம். ஆனால் ஃப்ராங்கோனியாவில் 'கெல்லருக்குள்ளே' என்று சொல்வதில்லை, 'கெல்லருக்கு மேலே' போகிறோம் என்பார்கள். குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில் குன்றைக் குடைந்து பீரைக் குளிர்ச்சியாக வைத்தார்கள். மேலே நிழலுக்கு மரம் வளர்த்தார்கள். மரத்தடியில் பெஞ்சு போட்டார்கள். ஊரே வந்து உட்கார ஆரம்பித்துவிட்டது.

பழைய வழக்கப்படி பல கெல்லர்களில் குடிக்க மட்டும் அங்கே வாங்கினால் போதும், சாப்பாட்டை வீட்டிலிருந்தே கொண்டு போகலாம். மகள் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு வந்தாள். ஸ்டெஃபான்ஸ்பெர்க் குன்றின் மேலே மரத்தடியில் டப்பாவைத் திறந்தோம். எதிரே தேவாலயக் கோபுரங்கள், சுற்றிலும் குடும்பங்கள். தள்ளுவண்டியில் தூங்கும் குழந்தை, சீட்டாடும் பாட்டிகள், முள்ளங்கியைச் சுருள் சுருளாகச் சீவும் தாத்தா. அவருக்கு ஒரு சைட்லா. எனக்கு ஆப்பிள் சாற்றில் சோடா கலந்த ஆப்ஃபெல்ஷோர்லே.

அங்கே உட்கார்ந்துதான் எனக்குள் ஒரு முடிவு உருவானது. இங்கே குடியோடு சாப்பாடு இருக்கிறது, குடும்பம் இருக்கிறது, யாரும் அவசரமாக ஊற்றிக்கொள்வதில்லை. அதனால்தான் இங்கே குடி குடும்பத்தைக் கெடுப்பதில்லை என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து அதை ஒருவர் திருத்தினார்.

நட்சத்திரம் தொங்கும் வீடு

வார இறுதியில், செக் நாட்டு எல்லைப் பக்கம் விண்டிஷ்எஷன்பாக் என்ற சிற்றூருக்குப் போனோம். அங்கே கிடைப்பது 'சொய்கல்'. அதைக் கடையில் வாங்குவதைவிட, செய்தவர் வீட்டிலேயே போய்க் குடிப்பதுதான் வழக்கம்.

ஊருக்குப் பொதுவாக ஒரு பீர் காய்ச்சும் கூடம். 1400-களில் இருந்து வரும் ஏற்பாடு. காய்ச்சும் உரிமை ஆளுக்கு இல்லை, வீட்டுக்கு. உரிமையுள்ள குடும்பங்கள் முறை வைத்து, விறகு மூட்டிப் பொதுக் கொப்பரையில் காய்ச்சுகின்றன. காய்ச்சிய சாற்றை அவரவர் வீட்டு நிலவறைக்குக் கொண்டுபோய்ப் புளிக்க வைக்கிறார்கள். நம் ஊரில் பொதுக் களத்தில் போரடித்து, நெல்லை வீட்டுக்குக் கொண்டு போவது மாதிரிதான். பீர் தயாரானதும் வீட்டு வாசலில் ஆறுமுனை நட்சத்திரம் ஒன்றைத் தொங்கவிடுவார்கள். 'இந்த வாரம் எங்கள் வீட்டில்' என்று அர்த்தம்.

நட்சத்திரத்தைப் பார்த்து ஒரு வீட்டுக்குள் நுழைந்தோம். தனி மேசை கிடையாது. "இங்கே உட்காரலாமா?" என்று கேட்டுவிட்டு, இடம் இருக்கும் பெஞ்சில் உட்கார வேண்டியதுதான். அந்த வீட்டு அம்மாவே ரொட்டி, பாலாடைக்கட்டி, ஊறுகாய் வெள்ளரி எல்லாம் கொண்டுவந்து வைத்தார்.

எங்கள் எதிரில் எழுபது வயதுப் பெரியவர். எல்லார் முன்னாலும் பீர். அவர் முன்னால் மட்டும் என்னுடையது போலவே ஆப்பிள் சாறு. என் டம்ளரைக் காட்டி, தன் டம்ளரை உயர்த்திச் சிரித்தார். மகள் மொழிபெயர்க்கப் பேச்சு தொடர்ந்தது. நான் கெல்லரில் நினைத்ததை அவரிடம் சொன்னேன். உங்கள் ஊரில் குடி யாரையும் கெடுப்பதில்லை போலிருக்கிறதே என்று.

அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். "என்னைக் கெடுத்தது. என் மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போன பிறகுதான் நிறுத்தினேன். இதே மாதிரி மேசையில்தான் எல்லாம் நடந்தது."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. மகள்தான் கேட்டாள், "அப்புறம் ஏன் இன்னும் இங்கே வர்றீங்க?"

"பீரைத்தானே விட்டேன். ஊரை விடவில்லையே" என்றார். பக்கத்தில் இருந்தவர் அவர் தோளைத் தட்டி, ஆப்பிள் சாறு தீர்ந்துவிட்டதைப் பார்த்து இன்னொன்று சொன்னார். இதைக் குடி என்று அவரை யாரும் வற்புறுத்தவில்லை.

அப்பா ஒருமுறை எட்டு மாதம் குடியை விட்டிருந்தார். நான் பத்தாவது படித்த வருடம் அது. அந்த எட்டு மாதமும் மாலை நேரத்தில் திண்ணையில் தனியாக உட்கார்ந்திருப்பார். அவருடைய சிநேகிதர்கள் எல்லாரும் மதுக்கடையில் இருந்தார்கள். குடிக்காத மனிதருக்கு அங்கே இடமில்லை. எங்களுக்கோ அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசும் பழக்கம் விட்டுப்போயிருந்தது. ஒன்பதாவது மாதம் எழுந்து போய்விட்டார். அந்தத் திண்ணையில் நான் ஒரு நாளாவது போய் உட்கார்ந்திருக்கலாம் என்று, இத்தனை வருடம் கழித்து, யாரோ ஒருவர் வீட்டு பெஞ்சில்தான் தோன்றியது.

கண் கலங்கியதைப் பார்த்துவிட்டு அவர் பாதிக் குவளையை அப்படியே வைத்தார். "எழுந்திரிக்கலாமா?" என்றார்.

"வேண்டாம். குடிச்சு முடிங்க. நான் இருக்கேன்" என்றேன்.

ஜெர்மனியிலும் பீர் குறைந்து வருகிறதாம். ஒரு காலத்தில் தலைக்கு வருடத்துக்கு 140 லிட்டரைத் தாண்டியது, இப்போது 90 லிட்டருக்கும் கீழே. ஆல்கஹால் இல்லாத பீரைத்தான் இளைஞர்கள் அதிகம் கேட்கிறார்களாம். பீர் குறைந்தாலும் அந்த பெஞ்சுகள் இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டே ரயில் ஏறினோம்.

ஊர் திரும்பிய பிறகு போன மாதம் அவருக்கு நண்பர் வீட்டில் விருந்து. வழக்கமான போனை எதிர்பார்த்தேன். ராத்திரி பத்தரைக்கு வாசல் மணி அடித்தது. "ஒண்ணுதான் குடிச்சேன். ஆட்டோல வந்துட்டேன்" என்று தயங்கித் தயங்கி நின்றார். கதவை நன்றாகத் திறந்துவிட்டு, "உள்ள வாங்க, ரசம் சூடு பண்றேன்" என்றேன்.

நீங்களும் போவதாக இருந்தால்...

* கெல்லர்களுக்கு மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். மழை பெய்தால் பல இடங்கள் திறக்காது.
* 'பயர்ன் டிக்கெட்' வாங்கினால் ஒரே சீட்டில் ஐந்து பேர் வரை பவேரியா முழுக்க உள்ளூர் ரயில்களில் நாள் முழுக்கப் போகலாம். வார நாட்களில் காலை 9 மணிக்கு மேல்தான் செல்லும்.
* நடக்கப் பிடித்தவர்கள் ஆவ்ஃப்செஸ் கிராமத்துக்குப் போகலாம். 1,500-க்கும் குறைவான பேர் வாழும் ஊரில் நான்கு பீர் ஆலைகள்! இதற்காக 2001-ல் கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தது. நான்கையும் இணைக்கும் நடைபாதை இருக்கிறது.
* சொய்கல் வீடுகள் முறை வைத்துத்தான் திறக்கும். எந்த வாரம் யார் வீடு என்ற அட்டவணையைப் பார்த்துவிட்டுப் போங்கள். சில்லறைப் பணம் கையில் இருக்கட்டும்.
* சைவம் சாப்பிடுபவர்களுக்கு ரொட்டி, முள்ளங்கி, காரம் சேர்த்துப் பிசைந்த பாலாடைக்கட்டியான ஒபாட்ஸ்டா கிடைக்கும். எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போவது இன்னும் உத்தமம்.

(மது அருந்துதல் உடல்நலத்துக்குக் கேடு.)