கவுன்டர் வரைக்கும்

இமிக்ரேஷன் கவுன்டரில் இருந்தவர் எத்தனை நாள் என்று கேட்டார். ஐந்து நாள் என்றேன். எங்கே தங்கப்போகிறீர்கள்? ஓட்டல் புக்கிங் பிரிண்ட்அவுட்டை நீட்டினேன். அதிலிருந்த நம்பருக்கு ஃபோன் போட்டார். இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஃபோனை வைத்துவிட்டு என் பாஸ்போர்ட்டை மூடினார். முகத்தில் கோபம்கூட இல்லை.

*

திருச்சியில் டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் முந்நூறு ரூபாய்க்கு ஓட்டல் புக்கிங்கும் சேர்த்துக் கொடுத்திருந்தார். டம்மி புக்கிங் என்பார்கள். பிரிண்ட் எடுத்த கையோடு கேன்சல் செய்துவிடுவது. நண்பன் வீட்டில் தங்கப்போகிறேன் என்று உண்மையைச் சொல்லி, அவன் முகவரியைக் காட்டியிருக்கலாம். எந்த நாடு, எந்த விமான நிலையம் என்று இங்கே எழுதப்போவதில்லை. தப்பில் பாதி என்னுடையது.

*

விசா வேண்டாம் என்றால் உள்ளே விட்டுவிடுவார்கள் என்று நாமாக அர்த்தம் செய்துகொள்கிறோம். இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்பதைத் தாய்லாந்து 2023 நவம்பரிலும் மலேசியா டிசம்பரிலும் நடைமுறைக்குக் கொண்டுவந்த பிறகு, பாஸ்போர்ட் வைத்திருக்கிற எல்லாருக்கும் கால் அரிக்க ஆரம்பித்தது. விசா எடுத்துப் போகிற காலத்தில், மறுப்பு பெரும்பாலும் சென்னையிலேயே முடிந்துவிடும். பணம் போகும், மானம் மிஞ்சும். இப்போது அதே பரீட்சை கடல் தாண்டிய பிறகு, முதுகுக்குப் பின்னால் நூறு பேர் நிற்க, நடக்கிறது. ரிட்டர்ன் டிக்கெட், தங்குமிடம், கையில் காசு. பாடத்திட்டம் இவ்வளவுதான்.

*

என்னை உட்காரவைத்த அறைக்கு ஜன்னல் இல்லை. மணி தெரியவில்லை. நாற்காலிகளுக்கு நடுவே இரும்புக் கைப்பிடி, படுக்க முடியாது.

பக்கத்தில் பட்டுக்கோட்டைப் பையன் ஒருவன். புதுச் சட்டையின் காலருக்கடியில் கடைக்காரர் குத்திய குண்டூசி இன்னும் அப்படியே இருந்தது. கவுன்டரில் காட்டுவதற்கான ஷோ மணிக்காக மாமாவிடம் கைமாற்று வாங்கி வந்த டாலரை மூன்று தடவை எண்ணினான். ரிட்டர்ன் டிக்கெட் இருந்தது, ஓட்டலும் நிஜ ஓட்டல். அதிகாரி போகிறபோக்கில் கேட்பதுபோல், "வேலைக்கு எப்போ சேரணும்?" என்றிருக்கிறார். இவனும் மரியாதையாக, "திங்கக்கிழமை சார்" என்றுவிட்டான்.

"நான் சொன்னது தப்பாண்ணே?"

நண்பனுக்கென்று கொண்டுபோன மணப்பாறை முறுக்கு கைப்பையில் இருந்தது. பிரித்தேன். அறையில் இருந்த அத்தனை பேரும் சாப்பிட்டோம். காவலுக்கு நின்றவர் வேண்டாம் என்று தலையாட்டினார். பிறகு வந்து ஒன்று எடுத்துக்கொண்டார்.

*

கோமகதா மாரு ஞாபகம் வந்தது. 1914 மே மாதம் வான்கூவர் துறைமுகத்துக்கு வந்த கப்பல். 376 பேர், பெரும்பாலும் பஞ்சாபிச் சீக்கியர்கள். சொந்த நாட்டிலிருந்து இடையில் எங்கும் மாறாமல் நேராக வந்திருக்க வேண்டும் என்று கனடா 1908இல் ஒரு விதி போட்டிருந்தது. இந்தியாவிலிருந்து அப்படி நேராக வரக் கப்பலே கிடையாது. இந்தியர் என்று பெயர் சொல்லாமலே இந்தியரைத் தடுத்த விதி. போதாததற்கு ஆளுக்கு 200 டாலர் கையில் இருக்க வேண்டும். இரண்டு மாதம் கரையோரமாகவே நிறுத்திவைத்து, இருபத்துச் சொச்சம் பேரை மட்டும் இறக்கிவிட்டு, ஜூலை 23 அன்று மற்றவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். ஊர் திரும்பியும் விடவில்லை: கல்கத்தாவுக்கு அருகே பஜ்பஜ்ஜில் துப்பாக்கிச் சூடு, சாவுகள். கனடா நாடாளுமன்றத்தில் பிரதமர் மன்னிப்புக் கேட்டது 2016இல்.

டம்மி புக்கிங் ஆசாமி தன்னை அவர்களோடு வைத்துப் பேசுவது அபத்தம். ஆனாலும் அந்த 200 டாலர் உறுத்துகிறது. ஷோ மணிக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது.

*

விமானக் கம்பெனி பாஷையில் நான் 'இனாட்'. அனுமதிக்கப்படாத பயணி. கொண்டுவந்த கம்பெனிதான் திருப்பிக் கொண்டுபோக வேண்டும். சர்வதேச விமானப் போக்குவரத்துக்கான சிகாகோ உடன்படிக்கையின் ஒன்பதாம் இணைப்பு அப்படிச் சொல்கிறது. திருச்சியில் செக்-இன் பெண் ரிட்டர்ன் டிக்கெட்டைக் கேட்டபோது, இவளுக்கென்ன வந்தது என்று நினைத்திருந்தேன்.

பாஸ்போர்ட்டைக் கையில் தரவில்லை. பழுப்பு உறையில் போட்டு விமானப் பணிப்பெண்ணிடம் கொடுத்தார்கள். மற்றவர்கள் ஏறும் முன்பே எங்களை ஏற்றிக் கடைசி வரிசையில் உட்காரவைத்தார்கள். சாப்பாடு கொடுக்கும்போது அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்கவில்லை. பையன் ஜன்னல் சீட்டு கேட்டான். கொடுத்தேன்.

*

திருச்சியில் உறையைப் பிரித்தவர், "எத்தனை நாள் இருந்தீங்க?" என்றார்.

"பதினாறு மணி நேரம் சார்."

சீல் குத்தினார்.

வெளியே வந்ததும் முதல் ஃபோன் டிக்கெட் போட்டவருக்கு. பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "அடடா" என்றார். "அடுத்த தடவை கேன்சல் பண்ணாம விட்டுர்றேன் சார். ஐநூறு ஆகும்."