வியட்நாமில் பறிபோன போன்... குற்றாலத்தில் தொலைந்த கம்மல்! - தனியே பயணம் போன ராயகிரிப் பெண்ணின் கதை

சீசன் நேரத்தில் குற்றாலத்துக்குக் குடும்பமாகப் போகிறவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் குளிப்பதில்லை. பை, செருப்பு, செல்போன், மாற்றுத்துணி எல்லாவற்றையும் ஓரிடத்தில் குவித்து, ஒருவரைக் காவலுக்கு உட்காரவைத்துவிட்டுத்தான் மற்றவர்கள் அருவிக்குப் போவார்கள்.

ராயகிரியில் அந்த வீட்டில் காவலுக்கு உட்காருவது எப்போதும் அம்மாதான். தென்காசி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிற ஊர் ராயகிரி. அங்கிருந்து புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி என்று பஸ் பிடித்துக் குற்றாலம் போய்ச் சேர்ந்ததும், அம்மா ஒரு துண்டை விரித்து மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிடுவார். மகளும் மகனும் உதடு நீலமாகும் வரை குளிப்பார்கள். அப்பா போய் வருவார். கடைசியாக அம்மா முகத்தைக் கழுவிக்கொண்டு, "போதும், பஸ்ஸு போயிரும்" என்பார்.

ஒரே ஒரு வருடம் மட்டும் அம்மாவும் மெயின் அருவியில் குளித்தார். அன்று அவருடைய கம்மல் தொலைந்துபோனது. "அருவி அடிச்சுட்டுப் போயிருச்சு" என்று ஊர் வரும் வரை சொல்லிக்கொண்டே வந்தார். அதற்குப் பிறகு எந்தச் சொந்தக்காரர் குற்றாலம் போனாலும், "அருவி கம்மலைக் கொண்டுபோயிரும், கழத்தி வச்சுட்டுக் குளிங்க" என்று சொல்லி அனுப்புவது அந்த வீட்டில் ஒரு கதையாகவே ஆகிவிட்டது.

அந்த மகளுக்கு இப்போது 26 வயது. சென்னையில் ஐ.டி. வேலை. அப்பா இறந்து மூன்று வருடம் ஆகிறது. தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு தனியாக ஒரு நாட்டைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய பல வருட ஆசை. சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் வியட்நாமுக்கு டிக்கெட் போட்டாள். வீட்டில் மட்டும், "ஆபீஸ் தோழிங்க நாலு பேரோட போறேன்" என்று சொன்னாள். நால்வரில் ஒருத்தியாக அவள் சொன்ன அறைத்தோழி சென்னையிலேயேதான் இருந்தாள்.

முதல் ஊர், பழைய பெயரில் சைகோன் எனப்படும் ஹோ சி மின் நகரம். முதுகுப்பையோடு வருகிற வெளிநாட்டவர்கள் கூடுகிற புய் வியன் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு ஹாஸ்டலில் படுக்கை. இரண்டாம் நாள் மாலை ஏழே கால் மணி இருக்கும். பென் தான் சந்தைக்கு அருகே ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் அங்கே போன தமிழர்கள் கட்டியது. 'அம்மாவுக்கு போட்டோ அனுப்பலாம்' என்று நினைத்து, நடைபாதையின் ஓரத்தில் நின்று மேப்பைத் திறந்தாள்.

பின்னாலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. அதில் இரண்டு பேர். கையில் சுள்ளென்று ஓர் இழுப்பு. பார்த்தால் விரல்கள் மட்டும்தான் இருந்தன. வண்டி ஆயிரம் வண்டிகளுக்குள் கலந்துவிட்டது. அவள் பத்தடி ஓடினாள். "ஏய்... ஏய்..." என்று கத்தியது மட்டும் நினைவிருக்கிறது. அந்த ஊர் மொழியில் 'திருடன்' என்பதற்கு என்ன சொல்வார்கள் என்றுகூட அவளுக்குத் தெரியாது.

ரோட்டோரத்தில் சாப்பாட்டுக் கடை போட்டிருந்த ஒரு பெண்மணி அவளை இழுத்து ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்காரவைத்தார். ஐஸ் போட்ட டீ கொடுத்தார். வண்டிகள் போகிற பக்கத்தைக் காட்டி, கையை மார்போடு அணைத்துக் காட்டினார். ரோட்டுப் பக்கம் போனைப் பிடிக்காதே என்கிறார் என்பது புரிந்தது. புரிந்து என்ன செய்ய?

சைகோனில் இது புதிய கதை இல்லை. வண்டியில் வந்து போனையும் பையையும் பறித்துப் போவது பற்றிப் பயணிகளுக்கான எச்சரிக்கைகள் காலம் காலமாக இருக்கின்றன. பெரிய சுற்றுலா நகரங்கள் எல்லாவற்றிலும் ஏதோ ஒரு வடிவத்தில் இது நடக்கிறது. பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகம் 2013 ஏப்ரலில் ஒருநாள் திறக்கவே இல்லை. ஜேப்படித் திருடர்களின் தொல்லை தாங்காமல் ஊழியர்களே வேலையைப் புறக்கணித்தார்கள். 2015 மே மாதம் ஈஃபிள் கோபுரமும் அதே காரணத்துக்காகச் சில மணி நேரம் மூடப்பட்டது. இதையெல்லாம் அவளும் கிளம்பும் முன் படித்திருந்தாள். பாஸ்போர்ட்டை ஹாஸ்டல் லாக்கரில் பூட்டியிருந்தாள். ஃபாரெக்ஸ் கார்டையும் கொஞ்சம் டாலரையும் தனியாக வைத்திருந்தாள். போன் விஷயத்தில் மட்டும் எதுவும் செய்யவில்லை.

ஹாஸ்டலுக்கு நடந்து வந்து, வரவேற்பறைக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தபோதுதான் சிக்கல் முழுதாகப் புரிந்தது. போனைத் தூரத்திலிருந்து பூட்டலாம் என்று கூகுள் கணக்கைத் திறந்தாள். 'உங்கள் போனுக்கு ஒரு செய்தி அனுப்பியிருக்கிறோம், ஆம் என்பதைத் தொடவும்' என்று வந்தது. எந்தப் போன் போனதோ, அதே போன். இமெயிலுக்கும் அதே கதை. வங்கியின் இணையதளத்துக்கு ஓ.டி.பி. வேண்டும், அந்த ஓ.டி.பி. யாரோ ஒருவர் கையில் இருக்கிற சிம்முக்குப் போகும். போதாததற்கு, பறிக்கும்போது போன் பூட்டப்படாமல் திறந்திருந்தது.

டெபிட் கார்டின் பின்புறம் இருந்த எண்ணுக்கு ஹாஸ்டல் பையனின் போனிலிருந்து அழைத்து, கார்டையும் மொபைல் பேங்கிங்கையும் முடக்கச் சொன்னாள். அது சரியான முதல் வேலை. வாடிக்கையாளரின் கவனக்குறைவே காரணம் என்றாலும், வங்கிக்குத் தகவல் சொன்ன பிறகு ஏற்படும் இழப்பை வங்கிதான் ஏற்க வேண்டும் என்றது ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை. தகவல் சொன்ன நேரத்தையும் புகார் எண்ணையும் அவள் ஒரு தாளில் எழுதிக்கொண்டாள்.

அடுத்து சிம்மை முடக்க வேண்டும். இந்தியாவிலிருந்து யாராவது வாடிக்கையாளர் சேவையை அழைத்தால் உடனே முடியும். ஆனால், யாரை அழைப்பது? தோழிகளின் எண் எதுவும் நினைவில் இல்லை. தம்பியின் எண்கூட 'தம்பி' என்றுதான் தெரியும். அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண் அம்மாவுடையது. சின்ன வயதில் ரீசார்ஜ் கடையில் போய் ஒப்பித்த எண். அதற்குப் பிறகு அம்மா மாற்றவே இல்லை.

அந்த எண்ணை அழுத்தினால் முதலில் சொல்ல வேண்டியது திருட்டை அல்ல. தனியாக வந்திருக்கிறேன் என்பதை.

அவள் அழுத்தவில்லை. குளித்தாள். படுக்கையில் படுத்துப் பார்த்தாள். நாளைக்கு ஒரு போன் வாங்கி, எதுவுமே நடக்காததுபோல் பேசிவிடலாமா என்று யோசித்தாள். அப்படியே மூன்றரை மணி நேரம் போனது. அந்த மூன்றரை மணி நேரமும் சிம் உயிரோடுதான் இருந்தது. பணம் எதுவும் போகவில்லை. அது அதிர்ஷ்டம் மட்டுமே.

ராயகிரியில் இதற்குள் வேறொன்று நடந்திருந்தது. வியட்நாம் நேரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால். அம்மா வழக்கம்போல் இரவு எட்டு மணிக்கு மகளை அழைத்தார். சுவிட்ச் ஆஃப். மறுபடியும் சுவிட்ச் ஆஃப். கூடவே போயிருப்பதாகச் சொன்ன அறைத்தோழியை அழைத்தார். மணி அடித்ததும் எடுத்த அந்தப் பெண் பழக்கத்தில், "சொல்லுங்கம்மா, ரூம்லதான் இருக்கேன்" என்றுவிட்டாள்.

அங்கே இரவு பதினொரு மணிக்கு, ஹாஸ்டல் பையனின் போனிலிருந்து வாட்ஸ்அப்பில் அம்மாவை அழைத்தாள். அம்மா எடுக்கவில்லை. தெரியாத வெளிநாட்டு நம்பரை எடுத்தால் பணம் போய்விடும் என்று டி.வி.யில் சொல்லியிருக்கிறார்களே! மூன்று முறை அடித்து ஓய்ந்த பிறகு, ஒரு குரல் பதிவு அனுப்பினாள்: "அம்மா, நான்தாம்மா. எடும்மா."

அடுத்த நொடி அம்மாவே அழைத்தார்.

"ஏட்டி, அடி எதும் பட்டிருக்கா?"

இல்லை என்றாள்.

"சாப்ட்டியா?"

இல்லை என்றாள். பிறகு, கேட்காமலே, "தனியாத்தாம்மா வந்தேன்" என்றாள்.

"தெரியும்" என்றார் அம்மா. கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் சத்தமில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு அம்மாவே தொடர்ந்தார். "நான் ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கோ. என் கம்மலை அருவி கொண்டுபோகல."

அன்று குளிக்கப் போகும் முன் அம்மா கம்மலைக் கழற்றி, பர்ஸுக்குள் வைத்து, பர்ஸைப் பைக்குள் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். காவலுக்கு இருந்த அப்பா பஜ்ஜி வாங்கப் போன ஐந்து நிமிடத்தில் பர்ஸ் காணாமல் போயிருந்தது. அப்பாவிடம் சொன்னால் தன்னால்தான் போனது என்று மனசு உடைந்துபோவார், அக்கம்பக்கம் 'இவளுக்கு ஒரு நாள் குளியல் கேட்டுச்சா' என்று பேசும் என்று பயந்து அருவியின் மேல் பழியைப் போட்டுவிட்டார். "ரெண்டு காதுலயும் ஒண்ணா எப்படிப் போச்சுன்னு உங்க அப்பா கடைசி வரைக்கும் கேக்கல. போலீஸ்ல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கிடைச்சிருக்குமோ என்னமோ. சொல்லாததனாலதான் மொத்தமாப் போச்சு."

அதன் பிறகு வேலைகள் வேகமாக நடந்தன. தம்பி பத்து நிமிடத்தில் சிம்மை முடக்கினான். பீரோவுக்கு மேல் அம்மா பத்திரமாக வைத்திருந்த போன் டப்பாவை இறக்கி, அதில் இருந்த 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணைப் படம் பிடித்து ஹாஸ்டல் பையனுக்கு அனுப்பினான். 'குப்பையைத் தூக்கிப் போடும்மா' என்று அவள் பலமுறை சொன்ன அதே டப்பா.

மறுநாள் காலை ஹாஸ்டல் பையன் துணையோடு அந்தப் பகுதிக் காவல் நிலையத்துக்குப் போனாள். அந்த ஊரில் போலீஸை அழைக்கும் எண் 113. புகாரில் ஐ.எம்.இ.ஐ. எண்ணைச் சேர்த்து, முத்திரையோடு நகல் வாங்கினாள். பயணக் காப்பீட்டில் எது கேட்பதானாலும் அந்தத் தாள் இல்லாமல் நடக்காது. அதிலும் பல பாலிசிகள் 24 மணி நேரத்துக்குள் புகார் செய்திருக்க வேண்டும் என்கின்றன. போன்களுக்கு ஈடு உண்டா இல்லையா என்பதோ பாலிசிக்குப் பாலிசி மாறும். வாங்கும்போதே படித்துப் பார்ப்பது நல்லது.

போனதோ போன் மட்டும். பாஸ்போர்ட்டும் போயிருந்தால் அலைச்சல் பல மடங்கு. போலீஸ் புகாரோடு இந்தியத் துணைத் தூதரகத்துக்குப் போய், ஊர் திரும்ப மட்டும் செல்லுபடியாகிற அவசரச் சான்றிதழ் வாங்க வேண்டும். பிறகு அந்த நாட்டுக் குடியேற்றத் துறையில் வெளியேறும் அனுமதி பெற வேண்டும். பாஸ்போர்ட்டின் நகலும் இரண்டு போட்டோவும் தனியாக ஒரு கவரில் இருந்தால் அதிலேயே பாதி வேலை முடியும்.

புது சிம் வாங்க அவளே நேரில் வர வேண்டும் என்பதால், மீதிப் பயணம் முழுக்க இந்திய எண் இல்லை, ஓ.டி.பி.யும் இல்லை. லாக்கரில் இருந்த ஃபாரெக்ஸ் கார்டுதான் கை கொடுத்தது. ஒரு மலிவான போன் வாங்கினாள். திரும்பி வந்துவிடலாமா என்று கேட்டபோது அம்மாதான், "டிக்கெட்டுக்குக் குடுத்த காசு என்னாவுறது? பாத்துட்டு வா. ராத்திரி மட்டும் எங்க இருக்கன்னு சொல்லு" என்றார். வரவேற்பறையில் வாங்கிய காகித வரைபடத்தோடு அந்த மாரியம்மன் கோயிலுக்கும் போனாள். உள்ளே வியட்நாமியப் பெண்கள் ஊதுபத்தியோடு வேண்டிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது தனியாகப் பயணம் போக யோசனை கேட்கும் தோழிகளிடம் அவள் சொல்வது சில விஷயங்கள்தான். கிளம்பும் முன் இரண்டு எண்களையாவது மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். *#06# அடித்து ஐ.எம்.இ.ஐ. எண்ணை வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். கூகுள் கணக்குக்கான மாற்றுக் குறியீடுகளைத் தாளில் எழுதி பாஸ்போர்ட்டோடு வையுங்கள். பறித்துக்கொண்டு ஓடினால் தானே பூட்டிக்கொள்ளும் வசதி 2024 முதல் பல ஆண்ட்ராய்டு போன்களில் வந்திருக்கிறது. ஐபோனிலும் திருட்டுப் பாதுகாப்பு அமைப்பு இருக்கிறது. இவை இயக்கத்தில் இருக்கின்றனவா என்று செட்டிங்ஸில் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். ரோட்டில் வழி பார்ப்பதானால் ஒரு கடைக்குள் ஏறி நின்று பாருங்கள். எங்கே, யாரோடு போகிறோம் என்பதை வீட்டில் ஒருவரிடமாவது உண்மையாகச் சொல்லிவிட்டுப் போங்கள்.

கடைசியாகச் சொன்னதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம் என்று அவளுக்குத் தெரியும். வீட்டில் சொன்னால் விடமாட்டார்கள் என்ற பயம் பொய்யும் இல்லை. பல வீடுகளில் விடமாட்டார்கள்தான். ஆனால், தனியாகப் போகிறவளுக்குத்தான் கரையில் ஓர் ஆள் கட்டாயம் தேவை. அந்த ஆள் எத்தனை மைல் தள்ளி இருந்தாலும் சரி.

அடுத்து வந்த சீசனில் மூவரும் குற்றாலம் போனார்கள். மெயின் அருவிக்குப் பக்கத்தில் துண்டை விரித்து, மூட்டைகளுக்கு நடுவில் அவள் உட்கார்ந்துகொண்டாள். "நீ போய்க் குளிம்மா" என்றாள். அம்மா தயங்கினார். பிறகு காதில் இருந்த கம்மலைக் கழற்றி மகளின் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"பஜ்ஜி வாங்க எங்கயும் எந்திரிச்சுப் போயிராதட்டி."

அம்மா குளித்துவிட்டு வர முக்கால் மணி நேரம் ஆனது.