நாலு தட்டு, அஞ்சு தட்டு

இரண்டாம் வகுப்புப் பிள்ளை ‘பட்டம்’ என்ற சொல்லை எழுத்துக்கூட்டிப் படிப்பதைக் கேட்டிருக்கிறீர்களா? ‘ப... இட்... ட... இம்’ என்று ஒவ்வொன்றையும் சரியாகவே சொல்லும். சேர்த்துச் சொல் என்றால் திருதிருவென்று விழிக்கும். எழுத்து நான்கும் தெரியும், பட்டம் மட்டும் வராது. புள்ளி வைத்த எழுத்து முன்னெழுத்தின் மேல் சாய்ந்துதான் ஒலிக்கும். பெயர் சொல்லும் வசதிக்காக ஓர் இகரத்தை முன்னால் ஒட்டி அதைத் தனி ஆளாக்கியவர்கள் நாம்தான். பிள்ளையைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

கொரோனாவுக்குப் பின் 2021இல் தமிழக அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கியபோது நானும் தன்னார்வலராகச் சேர்ந்தேன். மாலை வேளை, கோயில் மண்டபம். பகலெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருகிறவர்களை மறுபடி உட்கார் என்றால் யார்தான் உட்காருவார்கள்? எழுந்து நின்று கைதட்டச் சொன்னேன். பட்–டம். இரண்டே தட்டு. ‘இட்’டும் ‘இம்’மும் போன இடம் தெரியவில்லை.

முதலில் அவரவர் பெயர். செல்–வி, மு–ரு–கன், ஆ–யி–ஷா. தமிழ்ச்செல்வன் தன் பெயரைப் பலகையில் எழுதி எண்ணினான், எட்டு எழுத்து. தட்டிப் பார்த்தால் நான்குதான். த–மிழ்ச்–செல்–வன். எழுத்து வேறு, தட்டு வேறு என்பதை நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. ஜானுக்குத்தான் பெரிய வருத்தம். ஒரே தட்டு! மறுநாள் இனிஷியலோடு வந்து நின்றான்: ‘ஆர். ஜான், ரெண்டு தட்டு.’ ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

இது விளையாட்டுக்காரி ஒருத்தியின் கைவேலை மட்டும் அல்ல. 1974இல் அமெரிக்காவில் இசபெல் லிபர்மனும் உடன் பணியாற்றியவர்களும் சிறுபிள்ளைகளிடம் மரக்குச்சியைக் கொடுத்துச் சொற்களை மேசையில் தட்டச் சொன்னார்கள். நான்கு வயதுக்காரர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் சொல்லை இப்படித் துண்டு துண்டாகத் தட்டிவிட்டார்கள். அதையே இன்னும் உடைத்து ஒற்றை ஒற்றை ஒலியாகத் தட்டச் சொன்னபோது ஒருவருக்கும் வரவில்லை. பள்ளிக்கு வருமுன்பே பிள்ளையின் காதில் இருப்பது ‘பட்’டும் ‘டம்’மும்தான். நாம் அதைக் கண்டுகொள்ளாமல் ‘ப’விலும் ‘இட்’டிலும் தொடங்குகிறோம்.

கார்ல் ஓர்ஃபும் குனில்ட் கேட்மனும் ஜெர்மனியில் குழந்தைகளுக்கு இசை சொல்லிக்கொடுக்கப் பெயர்களையும் சிறு பாட்டுகளையும்தான் முதலில் எடுத்தார்கள். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். மிருதங்கம் சொல்லிக்கொடுப்பவர்கள் கை தோலில் படும் முன் வாயால் சொல்ல வைப்பார்கள். தகிட மூன்று, தகதிமி நான்கு, தகதகிட ஐந்து. இவற்றை மண்டபத்துத் தரையில் கட்டங்களாக்கினோம். பாண்டி ஆடுவதுபோலத்தான், ஒரு தட்டுக்கு ஒரு கட்டம். நான் காய்கறிப் பெயர் சொல்ல வேண்டும், அவர்கள் நொண்டியடித்துக்கொண்டே போய் எந்தச் சொற்கட்டு என்று கத்த வேண்டும். தக்காளியும் வெங்காயமும் தகிட. முருங்கைக்காயும் கொத்தமல்லியும் தகதிமி. ஐந்துக்கு ஆள் கிடைக்காமல் தவித்தபோது கறிவேப்பிலை கைகொடுத்தது, க–றி–வேப்–பி–லை. அன்றைக்கு அதற்குக் கிடைத்த மரியாதை எந்தக் குழம்பிலும் கிடைத்ததில்லை.

ஒரு சங்கடம் உண்டு. பிள்ளைகளின் கை பேச்சுத் தமிழைத்தான் கேட்கும். ‘பால்’ என்றால் இரண்டு தட்டு விழும், பா–லு. மீனும் அப்படித்தான், மீ–னு. வீட்டில் ‘பாலு’தானே காய்ச்சுகிறார்கள்! தப்பு என்று கையை அடக்கினால் அடுத்த சொல்லுக்குப் பிள்ளை தட்டாது, என் முகத்தைப் பார்க்கும். அதனால் ‘வீட்டுப் பால் ரெண்டு, புத்தகப் பால் ஒண்ணு’ என்று வைத்துக்கொண்டோம். வாத்தியார்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. எனக்கென்னவோ, பேச்சுக்கும் எழுத்துக்கும் நடுவில் இருக்கும் வாய்க்காலைத் தாண்ட இதைவிட நல்ல பலகை தெரியவில்லை. யாப்பில் சொல்லும் அசையையும் இங்கே இழுக்கக் கூடாது. அங்கே ‘கடல்’ ஒரே நிரையசை, இங்கே இரண்டு தட்டு. அது காரிகை படிக்கும் வயதில் பார்த்துக்கொள்ளலாம்.

தட்டு மட்டும் போதாது. படத்துக்கும் இரண்டு, பாடத்துக்கும் இரண்டு. எழுதும்போது துணைக்காலை விட்டுவிடும் பிள்ளைக்குத் தட்டு உதவாது, உடம்பு முழுதும் வேண்டும். படம் என்றால் குதி, குதி. பாடம் என்றால் ஒரு நீண்ட எட்டு வைத்துக் காலை இழுத்து, பிறகு குதி. கொடு–கோடு, பட்டு–பாட்டு என்று ஜோடி ஜோடியாக ஆடியபின், எழுதும் முன் கால் அசைவதைப் பார்த்திருக்கிறேன். தொல்காப்பியர் மாத்திரைக்கு அளவு தேடியபோது கண் இமைப்பதையும் கை நொடிப்பதையும்தானே எடுத்துக்கொண்டார்! குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்ற கணக்கு உடம்பிலிருந்து வந்தது. அதை உடம்புக்கே திருப்பிக் கொடுப்பதில் புதுமை எதுவும் இல்லை.

உருளைக்கிழங்கில்தான் பெரிய சண்டை வந்தது. உ–ரு–ளைக்–கி–ழங்–கு என்று ஆறு தட்டினார்கள் பெண்கள். பையன்கள் ஐந்தோடு நிறுத்தினார்கள், கடைசிக் ‘கு’ காதிலேயே விழவில்லையாம். அது குற்றியலுகரம், அரை மாத்திரைதான் ஒலிக்கும் என்று இரண்டாம் வகுப்பில் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கத்திவிட்டு அவர்களே ஒரு வழி கண்டார்கள். ‘கு’வுக்குக் கை தட்டுவதில்லை, சுட்டுவிரலால் உள்ளங்கையில் ஒரு சுண்டு. உடனே மூக்கு, நாக்கு, பாம்பு என்று எல்லாவற்றையும் சுண்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். ஏழு மணிக்கு அழைத்துப்போக வந்த அம்மாக்களும் வாசலில் நின்று வண்டு, நண்டு என்று எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.