உண்டியலில் இருந்த பூஜ்யம்!

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி. என்னிடம் படித்து பிளஸ் டூ முடித்த மாணவி போன் செய்தாள். குரலில் அழுகை.

"மிஸ், காலேஜ் அப்ளிகேஷன்ல போட்டோ ஏறவே மாட்டேங்குது. 50 கேபிக்குள்ள இருக்கணுமாம். இன்னைக்குத்தான் கடைசி நாள்..."

போட்டோவின் அளவைக் குறைக்க வழி சொன்னேன். அப்ளிகேஷன் போய்ச் சேர்ந்தது. அதற்கப்புறம்தான் எனக்கு உறைத்தது. 1 எம்பி என்றால் 1,024 கேபி என்று பரீட்சையில் எழுதி முழு மார்க் வாங்கியவள் அவள். மார்க் போட்டதும் நான்தான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை அன்று எனக்கே யாரோ சொன்ன மாதிரி இருந்தது.

நான் ஓர் அரசுப் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். அடுத்த ஜூனில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு ஃபோல்டர் திறந்து கொடுத்தேன். டிஜிட்டல் போர்ட்ஃபோலியோ என்று பெயர். வருஷம் முழுக்கச் செய்ததை எல்லாம் தேதியோடு அதில் சேமிக்க வேண்டும். தப்பாக வந்ததை அழிக்கக் கூடாது. திருத்தியதைப் புது ஃபைலாகப் போட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுத வேண்டும்: எங்கே மாட்டிக்கொண்டேன், எப்படி வெளியே வந்தேன். போன் நம்பர், ஆதார், வீட்டு விலாசம் எதுவும் அதில் இருக்கக் கூடாது. போட்டதை எடுக்க முடியாது என்பதால் பிள்ளைகள் அதற்கு 'உண்டியல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அரையாண்டுக்கு ஒரு புராஜெக்ட் கொடுத்தேன். வீட்டுக்கு உதவுகிற மாதிரி ஒரு கணக்கு ஷீட்.

கடைசி பெஞ்சில் ஒரு பெண். வாயே திறக்க மாட்டாள். எல்லாப் பாடத்திலும் பார்டர் பாஸ். அம்மா பூ கட்டி விற்பவர். அவள் கொண்டுவந்த ஷீட்டில் கிலோ மல்லி வாங்கிய விலை, நூல் செலவு, விற்ற முழம், வாடிப்போன பூ, அன்றைய லாபம் எல்லாம் இருந்தன. முகூர்த்த நாட்களுக்குத் தனி நிறம் வேறு!

நான் செய்யக் கூடாததைச் செய்தேன்.

"யாரும்மா செஞ்சு கொடுத்தா? பிரவுசிங் சென்டர்லயா?"

"நான்தான் மிஸ்."

"பொய் சொல்லாதே."

வகுப்பில் யாரோ சிரித்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் லேபைப் பூட்டும் முன் அவளுடைய உண்டியலைத் திறந்தேன். ஏழு ஃபைல்கள். முதல் ஃபைலில் மொத்தம் என்ற இடத்தில் பூஜ்யம். ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் 'ரூ' என்று டைப் செய்திருந்தாள். கீழே, 'கூட்டினா 0 வருது. கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுன்னு நினைக்கிறேன்.'

இரண்டு நாள் கழித்து இரண்டாவது ஃபைல். 'ரூ' இல்லை. 'எழுத்து சேர்ந்தா அது நம்பர் இல்லை, வார்த்தை. வார்த்தையைக் கூட்ட முடியாது.' இதை நான் வகுப்பில் சொல்லித் தரவே இல்லை.

நாலாவதில், புதிதாகச் சேர்த்த வரிகள் ஃபார்முலாவுக்குள் வராமல் விட்டுப்போயிருந்தன. 'அம்மா விரல் விட்டு எண்ணி 40 ரூபாய் குறையுதுன்னாங்க. அம்மாதான் சரி.'

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வகுப்பில் முதல் மார்க் வாங்கும் பையனின் உண்டியலையும் திறந்தேன். அழகான ஒரே ஒரு ஃபைல். குறிப்பு எதுவும் இல்லை. மறுநாள் அவனிடம், "இதுல இன்னொரு வரி சேர்த்துக் காட்டுப்பா" என்றேன். திருதிருவென விழித்தான். சித்தப்பா செய்து கொடுத்ததாம். திட்டவில்லை. முதலிலிருந்து நீயே செய் என்று ஒரு வாரம் கொடுத்தேன்.

அந்தப் பெண்ணிடம் அதே வகுப்பில் எழுந்து நின்று சொன்னேன். "எல்லார் முன்னாடியும் உன்னைச் சந்தேகப்பட்டேன். தப்பு என்னோடதும்மா."

"பரவாயில்லை மிஸ். அந்தப் பூஜ்யத்தை அழிச்சிடலாம்னுதான் நினைச்சேன். நீங்கதான் எடுக்கக் கூடாதுன்னீங்க."

இப்போது முடிந்த வேலைக்குப் பாதி மார்க், கடந்து வந்த வழிக்குப் பாதி மார்க் போடுகிறேன். பெற்றோருக்கு ஒரே வேண்டுகோள். பிள்ளையின் புராஜெக்ட்டை நீங்கள் செய்யாதீர்கள். "எத்தனை மார்க்?" என்று கேட்கும் முன், "எங்கே மாட்டிக்கிட்டே?" என்று கேளுங்கள்.

பெற்றோர் கூட்டத்துக்கு அந்த அம்மாவும் வந்திருந்தார். மகள் ஒவ்வொன்றாகத் திறந்து காட்ட, ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "கொசுறா நான் குடுக்குற பூவு இதுல வரலையே பாப்பா?" என்றார்.

அவள் சிரித்தாள். "அது எட்டாவது ஃபைல்ல வரும்மா!"